வளர்ந்த கோழிகளுக்குள் குஞ்சுகளை விடுவது: இரவில் விட்டால் சரிவருமா?

2025.01.18, மாலை. வட்டக்கச்சியில் இருந்து வந்த கேள்வி

"எங்கட வளவில் ஊர்க்கோழிகள் கொஞ்சம் நிற்குது, ஒரு சேவலும் இருக்கு. மார்கழித் தொடக்கத்தில் பொரிப்பகத்துக் குஞ்சுகள் வாங்கி, பெட்டிக்குள் பல்ப் போட்டு வளர்த்தேன். இப்ப ஐந்து கிழமை. நேற்று முற்றத்தில் விட்டுப் பார்த்தேன். ஒரு பேடு ஓடி வந்து ஒரு குஞ்சின் தலையில் கொத்தி இரத்தம். மாமி சொல்லுறா, இரவில் கூட்டுக்குள் விட்டால் விடியேக்க எல்லாம் ஒன்றாகிவிடுமாம், கோழிக்கு எண்ணத் தெரியாதாம். உண்மையா?"

2025.01.18, இரவு

மாமி சொன்னதில் பாதி சரி. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. தடியில் ஏறிக் குந்திய கோழி, பக்கத்தில் வந்து ஒட்டுவது யார் என்று எழும்பிப் பார்க்காது, சண்டைக்கும் வராது. அந்த மட்டில் சரி.

மற்றப் பாதி விடியற்காலையில் இருக்கிறது. கூட்டுக்குள் வெளிச்சம் விழுந்தவுடன் கோழிகள் தடியை விட்டு இறங்கும். நாங்கள் முகம் கழுவித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கதவடிக்குப் போகும்வரை அந்தச் சின்ன இடத்துக்குள் குஞ்சுக்கு ஓட வழியில்லை. மூலைக்குள் தலையை ஒளித்துக்கொண்டு நிற்கும், முதுகு முழுக்க வெளியே. போகிற வருகிற எல்லாம் அந்த முதுகில் ஒரு கொத்துப் போடும். கதவைத் திறந்து விட்டுப் படுக்கலாம் என்றால் வன்னியில் மரநாய் விடாது. ஆகவே இரவில் விடுவதென்றால் விடிவதற்கு முன்னமே ஆள் கூட்டடியில் நிற்க வேண்டும். நிற்க முடியாதென்றால் விட வேண்டாம்.

கொத்துப்பட்டதைத் தனியே எடுங்கள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். சிவப்பு தெரிந்தால் கூடப் பொரித்த குஞ்சுகளே கொத்தும். காயம் காய்ந்த பிறகுதான் திரும்ப விடலாம்.

ஐந்து கிழமை, அதுவும் தாயில்லாக் குஞ்சு. இன்னும் காலம் இருக்கிறது.

2025.01.19, காலை

நேற்றையது படுக்கப் போகும் நேரம் எழுதியது. கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. எது எதைக் கொத்தலாம், எது கொத்து வாங்கிக்கொண்டு பேசாமல் விலக வேண்டும் என்று அதுகளுக்குள் முடிவான கணக்கு. நோர்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டரூப்-எப்பே என்பவர் 1921இல் இதை ஆராய்ச்சியாக எழுதினார். சின்ன வயதிலேயே கோழிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு திரிந்த ஆள். அவர் எழுதித்தான் உலகத்துக்குத் தெரிந்தது, எங்கள் அம்மம்மாவுக்கு அதற்கு முன்னமே தெரியும். "அந்தக் கறுத்தப் பேட்டுக்கு முதலில் போடு, இல்லாவிட்டால் மற்றதைத் தின்ன விடாது" என்று சொல்லுவா.

எங்கள் வளவில் இப்போது அந்த இடத்தில் நிற்பது ஒரு சாம்பல் பேடு. பிள்ளைகள் வைத்த பெயர் விதானையார். அவ கையெழுத்துப் போடாமல் ஒரு கோழியும் தீன் பாத்திரத்தில் வாய் வைக்காது. அவ கொத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஓடி வருவதில்லை. வேறு எங்கோ பார்ப்பதுபோல் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணால் மட்டும் குஞ்சை அளப்பா. கழுத்து இறகு கொஞ்சம் விரியும். அந்த நேரம் குஞ்சு ஓரடி பின்னால் போனால் விஷயம் முடிந்தது, அவ திரும்பித் தின்னத் தொடங்குவா. குஞ்சுக்குப் பின்னால் சுவர் இருந்தால்தான் கொத்து விழும்.

நான் சொல்ல வருவது அந்தச் சுவரைப் பற்றித்தான். எத்தனை கிழமையில் விடலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வயதை விடப் பெரிய கேள்வி, குஞ்சுக்குப் பின்னால் இடம் இருக்கிறதா என்பது. வெளிநாட்டுக் கையேடுகள் கூட்டுக்குள் கோழிக்கு நாலு சதுர அடி, வெளியே பத்துச் சதுர அடி என்று கணக்குச் சொல்லும். அது கோழியை இரவு பகலாக அடைத்து வளர்ப்பவர்களின் கணக்கு. நமக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வளவு. பகலில் விதானையார் கிணற்றடியில் நின்றால் குஞ்சு வேலியடிக்குப் போய்விடும். பகல் நமக்குப் பிரச்சினையே இல்லை. கூடும் தீன் பாத்திரமும்தான் பிரச்சினை. குஞ்சு அடிபடுவதும் சாவதும் அந்த இரண்டு இடத்திலும்தான்.

2025.01.19, பின்னேரம்

கோழிக்கு எண்ணத் தெரியாது என்று மாமி சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. 2015இல் இத்தாலி ஆய்வாளர்கள் மூன்று நாள் வயதுக் குஞ்சுகளுக்குப் புள்ளி போட்ட அட்டைகளைக் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். பழகிய எண்ணிக்கையை விடக் குறைவாகக் காட்டினால் குஞ்சு இடப்பக்கம் போகிறது, கூடுதலாகக் காட்டினால் வலப்பக்கம் போகிறது. மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள், ஆனால் சாப்பாடு போட்ட பிறகு.

எண்ணத் தெரிவது ஒருபுறம் இருக்கட்டும், முகம் தெரியும். முகமும் கொண்டையும் பார்த்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் வைத்திருக்கும். விடியும்போது புது முகத்தைக் கண்டால் கட்டாயம் விசாரணை நடக்கும்.

2025.01.22

பூநகரித் தம்பி, "சரி அக்கா, குறை சொன்னது காணும், என்ன செய்வது என்று சொல்லுங்கோ" என்கிறார். சொல்கிறேன்.

கூட்டை ஒட்டி, அல்லது கூட்டுக்குள்ளேயே ஒரு மூலையை, கோழிவலையால் மறியுங்கள். நாலு கதியால், ஒரு துண்டு வலை, மேலே பழைய தகரம், தகரம் பறக்காமல் இரண்டு கல். சோளகம் தொடங்க இன்னும் காலம் இருக்கிறது, ஆனாலும் கல்லை வையுங்கள். குஞ்சுகள் உள்ளே, பெரிய கோழிகள் வெளியே. பார்க்கலாம், கொத்த முடியாது. குறைந்தது ஒரு கிழமை, இரண்டு கிழமை என்றால் நல்லது. முதல் இரண்டு நாள் பெரியதுகள் வலையடியில் நின்று கொக்கரிக்கும். பிறகு அலுத்துப்போய்த் தன் பாட்டில் கிண்டப் போகும். வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே முதுகைத் திருப்பித் தின்னுகிற அளவுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் வலையின் அடியில் ஒரு ஓட்டை விடுங்கள். குஞ்சு நுழையும், பேடு நுழையாது, அந்த அளவு. குஞ்சு வெளியே வந்து பார்க்கும், ஒரு அதட்டல் கேட்டால் உள்ளே ஓடும். அதன் தீனும் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும். முதல் நாள் ஓட்டையடியில் எட்டி எட்டிப் பார்க்கும். துணிந்த ஒன்று போனால் மற்றதெல்லாம் பின்னால் போகும். துரத்தி வெளியே விடாதீர்கள். வெளியே போவது பழகுவதற்கு முன் ஓட்டைக்குள் திரும்பி ஓடத் தெரிய வேண்டும்.

இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. ஒன்று, ஒற்றைக் குஞ்சை விடாதீர்கள். கூட்டமாக விட்டால் கொத்துப் பங்கு பிரியும். இரண்டு, வெளியே தீன் பாத்திரம் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும், அதுவும் ஒன்றை ஒன்று பார்க்காத இடத்தில். ஒன்றைக் குசினிப் பக்கம், இன்னொன்றை மாட்டுக் கொட்டில் பக்கம் வையுங்கள். விதானையாரால் ஒரே நேரத்தில் இரண்டு அலுவலகத்தில் இருக்க முடியாது.

2025.01.23

"எவ்வளவு பெரிய ஓட்டை?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அளவுநாடாவை வைத்துவிட்டுக் குஞ்சைப் பிடித்து ஓட்டையில் விட்டுப் பாருங்கள். குஞ்சு வளரும், ஓட்டையும் வளர வேண்டும்.

2025.01.30

தீன் பற்றிக் கேட்ட கேள்விக்கு.

கலந்து விட்ட பிறகு குஞ்சும் பெரியதும் ஒரே பாத்திரத்தில் தின்னும், அதைத் தடுக்க முடியாது. முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை நாலு வீதம் இருக்கும், முட்டை ஓட்டுக்காக. வளரும் குஞ்சுக்கு ஒரு வீதம் காணும். கூடினால் சிறுநீரகம் கெடும். வெளியில் நன்றாகத் தெரியும் குஞ்சு முட்டைக்கு வரும் வயதில் சோர்ந்து விழும். ஆகவே எல்லோருக்கும் வளர் தீன் போடுங்கள். முட்டையிடும் பேடுகளுக்குச் சிப்பியை இடித்துத் தனிச் சிரட்டையில் வையுங்கள். தேவையானது தானாக வந்து கொத்தும், குஞ்சு அதைப் பெரிதாகத் தொடாது. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகிற யாரிடமாவது சொன்னால் ஒரு பை சிப்பி கொண்டுவந்து தருவார்கள், நன்றாகக் கழுவி உப்பைப் போக்குங்கள்.

கடைத் தீன் வாங்காமல் குறுணலும் தவிடும் புட்டு மிச்சமும் போடுகிறவர்களுக்கு மேலே உள்ள கணக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் குறுணலில் மட்டும் குஞ்சு வளராது, புரதம் வேண்டும். கறையான் இருக்கும்போது நமக்கென்ன குறை? பழைய பானைக்குள் ஈர வைக்கோலும் சாணியும் அடைத்துப் புற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலையில் எடுத்துக் குஞ்சுகளுக்கு நடுவில் தட்டுங்கள். ஆனால் வலைக்கு உள்ளே தட்டுங்கள். வெளியே தட்டினால் பெரியதுகள் எல்லாம் வந்து விழும்.

2022இல் தீன் விலை ஏறியபோது எத்தனை பேர் முட்டைக்கோழிகளை இறைச்சிக்கு விற்றார்கள் என்று நினைவிருக்கும். 2023இல் இந்தியாவில் இருந்து கப்பலில் முட்டை வந்தது. அந்த நேரமும் வளவில் ஊர்க்கோழி வைத்திருந்தவர்கள் கறையானிலும் குறுணலிலும் ஓட்டினார்கள். முட்டை குறைந்தது, நிற்கவில்லை.

2025.02.01

கனகராயன்குளத்து அண்ணை எழுதியிருக்கிறார்: "இவ்வளவு வேலை எதற்கு? அடைக்கோழிக்குக் கீழே குஞ்சை வைத்துவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். எங்கட ஆட்கள் வலையடித்தா கோழி வளர்த்தவை?"

அண்ணை சொல்வது முழு உண்மை, ஆனால் வட்டக்கச்சித் தங்கச்சிக்கு உதவாத உண்மை. அடைக்கோழி ஏற்றுக்கொள்வது பொரித்து இரண்டு மூன்று நாளுக்குள் இருக்கும் குஞ்சைத்தான். அதற்குப் பிறகு குஞ்சுக்கும் தாய் இன்னது என்று பதியாது, கோழிக்கும் சந்தேகம் வரும். ஐந்து கிழமைக் குஞ்சைக் கொண்டுபோய் வைத்தால் அடைக்கோழிதான் முதலில் கொத்தும்.

சின்னக் குஞ்சு வாங்குகிறவர்களுக்கு அண்ணையின் வழிதான் முதல் வழி. கோழி கொஞ்ச நாள் நன்றாக அடை கிடந்திருக்க வேண்டும், நேற்றுக் குந்தியதை நம்ப வேண்டாம். இருட்டிய பிறகு கை விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு முட்டையை எடுத்த இடத்தில் ஒரு குஞ்சு என்று வையுங்கள். கையை உடனே எடுக்காமல் வைத்திருந்தால் தெரியும்: குஞ்சு கீச்சிடும், கோழி வயிற்றுக்குள் இருந்து மெல்லிய குரலில் ஒரு சத்தம் போடும், செட்டையைக் கொஞ்சம் தூக்கி உடம்பை இறக்கும். அந்தச் சத்தம் வந்தால் நீங்கள் போய்ப் படுக்கலாம். வராவிட்டால் குஞ்சை எடுத்துவிடுங்கள். காலையிலும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.

பாம் கோழிக்கு அடை கிடக்கும் குணம் பெரும்பாலும் இல்லை, முட்டைக்காகவே தெரிந்தெடுத்து வளர்த்த இனம். அடைக்கு ஊர்க்கோழிதான்.

தாயோடு வளர்ந்த குஞ்சுக்கு வலை, ஓட்டை ஒன்றும் தேவையில்லை. விதானையார் கிட்ட வந்தால் தாய் இறகை விரித்துக்கொண்டு பாயும். வரிசையில் கடைசியில் நிற்கும் பேடு கூடக் குஞ்சு வைத்திருக்கும் காலத்தில் மேலே நிற்பதை எதிர்க்கும். எங்கள் மொட்டைக் கழுத்துப் பேடு ஒரு வருடம் முழுக்க அடி வாங்கியது, குஞ்சு பொரித்த கிழமை விதானையாரைக் கிணற்றைச் சுற்றிக் கலைத்தது. குஞ்சுகளைப் பிரித்துவிட்ட பிறகு திரும்பப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

2025.02.02

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். தாய் குஞ்சுகளைக் கொத்திப் பிரிக்கும் நாள் வரும், இரண்டு மாதத்தை ஒட்டி. அன்றைக்குத்தான் தாய்க்குஞ்சுகளுக்கும் ஆபத்து. ஆனால் அதற்குள் வளவு முழுக்கத் தெரியும், எந்தப் பற்றைக்குள் நுழையலாம், எந்தப் பேட்டுக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று தெரியும். பொரிப்பகத்துக் குஞ்சுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வலையும் ஓட்டையும் அதற்குப் பதிலாகத்தான்.

2025.02.09

நாடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. பாணந்துறையில் குரங்கு ஒன்று மின் நிலையத்துக்குள் பாய்ந்ததாம். வட்டக்கச்சித் தங்கச்சி "என் குஞ்சுகளுக்குப் பல்ப் இல்லை, என்ன செய்ய" என்று பதறுகிறா.

தங்கச்சி, உங்கள் குஞ்சுகளுக்கு இப்போது எட்டுக் கிழமை. முதல் கிழமை 32இல் இருந்து 35 பாகை சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். இறகு முளைத்த குஞ்சுக்கு இந்த வெயிலில் பல்ப் எதற்கு? அதைப் பிடுங்கி வையுங்கள், குரங்குக்கும் வேலை மிச்சம்.

மழைக்காலம் என்றால் வேறு கதை. 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆடு மாடுகளே நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. அந்த மாதிரிக் காலத்தில் குஞ்சை வெளிக்கூட்டுக்கு மாற்றும் பேச்சே வேண்டாம். தை பிறந்து மழை விட்ட பிறகு செய்கிற வேலை இது.

2025.02.16

அருவி வெட்டு நடக்கிறது. வயல்கரை வீடுகளில் கோழிகள் முழுக்க வயலுக்குள். சிந்திய நெல்லும் வெட்டுக்கிளியும் இருக்கும்போது குஞ்சைக் கொத்த யாருக்கு நேரம்? குஞ்சுகளை முதன்முதல் முழுதாகத் திறந்து விட இதை விட நல்ல காலம் கிடையாது. தங்கச்சி, இந்தக் கிழமையே திறவுங்கள்.

ஆனால் "பகல் நமக்குப் பிரச்சினையே இல்லை" என்று 19ஆம் திகதி எழுதியதை இப்போது அப்படியே சொல்ல மாட்டேன். இடம் கூடக் கூட மேலே வானமும் கூடும். வெட்டின வயலில் ஒளிய ஒன்றுமில்லை. பிராந்து வட்டமிடுவதைத் தூரத்திலேயே காணலாம். வல்லூறு மரத்துக்குள் இருந்து தாழப் பறந்து வரும், வந்தது தெரியாது. குஞ்சுக்குப் பின்னால் இடம் மட்டும் காணாது, இடத்துக்குள் மறைப்பும் வேண்டும். நாயுண்ணிப் பற்றையை முழுக்க வெட்டித் துப்புரவாக்காதீர்கள். ஒன்றும் இல்லாத வெறும் முற்றம் என்றால் பனையோலைகளைச் சாய்த்து அங்கங்கே கூடாரம் போல் குத்திவிடுங்கள். விதானையாரிடம் இருந்து ஒளிவதற்கும் அதுவே உதவும்.

பெரிய கோழிகளோடு குஞ்சைச் சேர்ப்பதில் உள்ள பெரிய லாபமும் இங்கேதான். சேவல் வானத்தில் ஒன்றைக் கண்டால் போடும் சத்தம் வேறு, நாயையோ கீரியையோ கண்டால் போடும் சத்தம் வேறு. மேலே என்றால் மெல்லிய நீளமான ஒரு இழுப்பு, எல்லாம் பற்றைக்குள் போய் அசையாமல் நிற்கும். தரையில் என்றால் விட்டு விட்டுக் கொக்கரிக்கும், எல்லாம் நிமிர்ந்து பார்க்கும். தனியே வளரும் குஞ்சுகளுக்கு அந்தக் காவல் இல்லை. விதானையாரின் கொத்தைக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025.02.27

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும், ஆகவே புதிதாக வாசிக்க வருகிறவர்கள் வலை கட்ட ஓடுவதற்கு முன் இதை வாசியுங்கள். கொத்தில் செத்த குஞ்சை விட நோயில் செத்த குஞ்சுதான் அதிகம்.

வெளியில் இருந்து வந்த எதையும், குஞ்சோ கோழியோ, நாலு கிழமை தள்ளி வையுங்கள். தள்ளி என்றால் வலைக்கு அந்தப் பக்கம் இல்லை, வளவின் மற்றக் கரை. முதலில் உங்கள் கோழிகளுக்குத் தீன் போட்டுவிட்டுப் பிறகு புதுசுகளிடம் போங்கள், அதே செருப்போடு திரும்பி வராதீர்கள். சளி, மூக்கு ஒழுகல், கண் வீக்கம் எல்லாம் வெளியில் தெரிய நாள் எடுக்கும். நோய் மாறிய கோழி கூட உள்ளே வைத்துப் பரப்பும். தங்கச்சியின் குஞ்சுகள் பெட்டிக்குள் வளர்ந்ததால் அந்தக் காலம் தானாகக் கழிந்துவிட்டது.

அடுத்தது இரத்தக் கழிச்சல். பெரிய கோழிகளின் வயிற்றில் அந்தக் கிருமி இருக்கும், அதுகளுக்கு ஒன்றும் செய்யாது. எச்சத்தோடு நிலத்தில் விழும், ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வரும். மூன்று கிழமைக்கும் ஆறு கிழமைக்கும் இடையில் உள்ள குஞ்சைத்தான் அதிகம் பிடிக்கும். குஞ்சு தோளைக் குறுக்கி, கண் மூடி, இறகு சிலிர்த்து நின்றால் எச்சத்தைப் பாருங்கள். சிவப்புக் கண்டால் மிருக வைத்தியரிடம் ஓடுங்கள், தண்ணீரில் கலக்கும் அம்ப்ரோலியம் மருந்து இருக்கிறது. தடுப்பது அதை விடச் சுகம்: கூட்டுக்குள் காய்ந்த உமி, நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். தண்ணீர்ச் சட்டியை ஒரு கல்லின் மேல் வையுங்கள்.

இராணிக்கெட். பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, ஒரு கிழமையில் வளவே வெறிதாகும். மருந்து இல்லை, தடுப்பு மட்டும்தான். ஒரு கிழமை வயதில் கண்ணில் ஒரு துளி, மூன்று நாலு கிழமையில் இன்னொரு தடவை, மிச்ச அட்டவணையை மிருக வைத்தியர் தருவார். இதில் உள்ள கரைச்சல், ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும். கரைத்தால் குளிரில் வைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காரர் தனியே எடுத்து என்ன செய்வது? அயல் வீடுகளைச் சேர்த்து ஒரே காலையில் போடுவதுதான் வழி.

மீள்குடியேறிய காலத்தில் வாழ்வாதாரம் என்று ஒரு நிறுவனம் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு குஞ்சு கொடுத்தது. கூடு இல்லை, தடுப்பூசி இல்லை, வாங்கிய அன்றே முற்றத்தில் விடச் சொன்னார்கள். படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மழை தொடங்க முதல் அரைவாசிக் குஞ்சு போய்விட்டது, ஏற்கனவே நின்ற கோழிகளையும் கூட்டிக்கொண்டு போனது. பிறகு வந்து "பராமரிப்புக் குறைவு" என்று எழுதிக்கொண்டு போனார்களாம்.

2025.03.15

இன்று காலை எட்டு மணியில் இருந்து எட்டு ஐந்து வரை வளவில் நிற்கும் குரங்கையும் மயிலையும் எண்ணி எழுதச் சொல்லி அரசாங்கம் நாடு முழுக்கக் கேட்டிருந்தது. நானும் தாளோடு நின்றேன். மயில்கள் வந்தன, வேறு எங்கும் இல்லை, நேரே என் குஞ்சுத் தீன் பாத்திரத்துக்கு. விதானையார் அவ்வளவு பெரிய மயிலுக்கு ஒன்றும் செய்யவில்லை, தள்ளி நின்று குஞ்சைக் கொத்தினா.

சிரிப்பு ஒருபக்கம், மயிலையும் காட்டுக்கோழியையும் தீனடிக்கு விடாதீர்கள். இராணிக்கெட் அதுகளுக்கும் வரும். அதுகளிடம் இருந்து உங்கள் கோழிக்கும், உங்கள் கோழியிடம் இருந்து காட்டுக்கும் போகும். தீனை மூடிக்கு உள்ளே வையுங்கள், பகல் முழுக்கத் திறந்து வைக்க வேண்டாம்.

2025.03.23

வட்டக்கச்சியில் இருந்து செய்தி: குஞ்சுகள் பதினாலு கிழமையைத் தொட்டுவிட்டன, எல்லாம் ஒன்றாகத் திரிகின்றன, ஒரே ஒரு சிவப்புப் பேடு மட்டும் விடுகிறதில்லை. கூட்டு வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கொத்துகிறதாம்.

அதைப் பிடித்துக் கரப்பால் மூடுங்கள். மற்றக் கோழிகளைப் பார்க்க முடியாத இடத்தில், நிழலில், தீன் தண்ணீரோடு, சில நாள். எல்லோரும் குஞ்சுகளைத் தள்ளி வைப்பார்கள், அது குஞ்சுக்குத்தான் கூடாது. திரும்பி வரும்போது அது புதுசு போல ஆகி, பயந்துதான் நிற்கும். கெட்ட பேட்டை இப்படி வெளியே எடுத்தால் அதற்கு அடுத்தது அந்த வேலையை எடுத்துக்கொள்வதும் உண்டு, கவனம். எல்லா வளவிலும் ஒரு விதானையார் இருக்கத்தான் போகிறா. கொத்துவதை நிறுத்த முடியாது, இரத்தம் வராமல் பார்த்தால் சரி.

இன்னொன்று. வாசலில்தான் கொத்து விழுகிறது என்றால் வாசலில் பிழை. கூட்டுக்கு இரண்டாவது வாசல் வெட்டுங்கள், பலகையை ஒரு சாண் அறுத்தால் போதும். தடிகளையும் பாருங்கள். ஒரே உயரத்தில் போட்டால் நல்லது. ஒன்று மேலே ஒன்று கீழே என்று போட்டால் எல்லாம் மேல் தடிக்குத்தான் போகும், பின்னேரம் ஆறு மணிக்கு வவுனியா பஸ்ஸில் இடம் பிடிப்பது மாதிரி ஒரு இடிபாடு நடக்கும்.

2025.03.24

மேலே உள்ளது பேடுகளுக்கு மட்டும். குஞ்சுகளில் சேவல்கள் கொண்டை சிவந்து கூவப் பழகத் தொடங்கினால் பெரிய சேவல் விடாது, கரப்பும் உதவாது. பெரிய சேவல் இதுவரை குஞ்சுகளைப் பாதுகாத்ததே என்று நம்பி இருக்காதீர்கள். நல்ல ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சித்திரை வருடத்துக்கு முன் விற்றுவிடுங்கள், விலையும் அந்த நேரம் நல்லது.

கனகராயன்குளத்து அண்ணை "விற்பதா, கறியா" என்று கேட்கிறார். வளர்த்ததைத் தின்ன எனக்கு மனம் வராது. அண்ணை வந்து வாங்கிக்கொண்டு போகலாம், காசு கையில்.

2025.04.06

பூநகரித் தம்பி இப்போது வாத்துக் குஞ்சையும் கோழிக்குள் விடலாமா என்று கேட்கிறார். விடலாம், ஆனால் வாத்துத் தண்ணீரைக் கலக்கிக் கூட்டை நனைத்துவிடும், உமி பற்றி எழுதியதெல்லாம் வீண். தண்ணீரைக் கூட்டுக்கு வெளியே வையுங்கள், மற்றதற்குத் தனி இழை திறவுங்கள்.

தடுப்பு மருந்து: வருடப்பிறப்பு கழித்து முள்ளியவளைப் பக்கத்தில் ஒரு குப்பி எடுக்கிறோம். ஐஸ் பெட்டி என்னிடம் இருக்கிறது. சேருகிறவர்கள் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு, குஞ்சு என்ன வயது என்று கீழே எழுதுங்கள். அன்றைக்குக் காலையில் கோழிகளைத் திறந்து விடாமல் கூட்டுக்குள்ளேயே வையுங்கள், போன முறை ஒரு வீட்டில் கோழி பிடிக்க வேலிக்கு வெளியே ஓடியதில் பாதி நேரம் போனது.